வகுப்புக்குப் போன கட்டைவிரல்

உப்போடைப் பொறியியல் கல்லூரியில் கைரேகைப் பெட்டி வைத்த வருஷம், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் வலதுகைக் கட்டைவிரல், அவனைப் பாயில் தூங்கவிட்டுவிட்டுத் தான் மட்டும் கிளம்பிக் காலேஜுக்குப் போனது.

விரலைக் குறை சொல்வதற்கில்லை. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாதவன் பரீட்சை எழுதக் கூடாது என்று பல்கலைக்கழகம் சட்டம் வைத்திருந்தது. வாத்தியார்கள் பேர் கூப்பிட்டால் ஒருத்தனே நாலு குரலில் உள்ளேன் சொல்கிறான் என்பதால் பிரின்சிபால் வேதமாணிக்கம் அந்தப் பெட்டியை வாங்கி வாசல் தூணில் மாட்டினார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும், வைத்தால் அது பெண்குரலில் நன்றி என்று சொல்லும். கோமதிநாயகம் காலையில் விரலை வைத்து நன்றி வாங்கிக்கொண்டு, பின்பக்கச் சுவரேறிக் குதித்து, டீக்கடை பெஞ்சில் பகலெல்லாம் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் அதே சுவரேறி வந்து இன்னொரு நன்றியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். உண்மையைச் சொன்னால் காலேஜுக்குப் போனது விரல்தான், அவன் அதைக் கொண்டுபோய் விடுகிற ஆள், அவ்வளவே. அப்படி இரண்டு மாசம் விடாமல் போய்வந்த விரலுக்கு, விடிந்தால் குளித்துக் கிளம்பிப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆகவே ஒரு திங்கட்கிழமை அவன் எழுந்திருக்கிற வழியாக இல்லை என்று தெரிந்ததும், அது வெண்டைக்காய்க் காம்பு ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு கையிலிருந்து கழன்று, சொட்டு ரத்தமில்லாமல் தரையில் இறங்கி, தத்தித் தத்தி வாசலுக்கு வந்தது.

வாசலில் இட்லி மாவு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா சண்முகத்தாய் அதைப் பார்த்துவிட்டு, “ஒரு இட்லியாவது தின்னுட்டுப் போயேன், வெறும் வயித்தோடயா போவ?” என்று கேட்டாள். விரலுக்கு வயிறு கிடையாது என்பது அவளுக்குச் சட்டென்று தோன்றவில்லை. தோன்றியபோது அது தெருமுனையைத் தாண்டியிருந்தது.

டவுன்பஸ் கண்டக்டர் மரியசூசை, படிக்கட்டில் ஏற முடியாமல் நின்ற விரலைக் குனிந்து தூக்கி டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் வைத்து, “நல்லாப் புடிச்சுக்கோ, வளைவுல விழுந்துராத” என்றார். சீட்டுப் போடுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கைக்குழந்தைக்கே டிக்கெட் இல்லை, இது கையில்கூட இல்லாத விரல் என்று முடிவுசெய்து விசிலை ஊதினார்.

பெட்டி அதைப் பார்த்து நன்றி சொன்னது. அதற்கப்புறம் சுவரேறிக் குதிக்க விரலுக்குக் கால் இல்லாததால், எல்லாரும் போகிற வழியில் அதுவும் போய், வெப்ப இயக்கவியல் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஏறி நிமிர்ந்து நின்றது. பாடம் எடுக்க வந்த இசக்கியம்மாள் மேடம் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“அது யாரோடது?”

“கோமதிநாயகத்தோடது மேடம்” என்றாள் முப்பிடாதி. அவள் காய்ச்சல் வந்தாலும் ஒருநாள் விடாமல் வருகிற பெண்; மூன்றாவது பெஞ்சின் மறுமுனை அவளுடையது.

“அவன் வரலையா?”

“அவன் என்னைக்கு மேடம் வந்திருக்கான்?”

மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வந்தவங்களுக்கு நடத்துவோம்” என்று சொல்லிப் பலகைப் பக்கம் திரும்பினார்.

அன்று உச்சிப்பொழுதில் எழுந்து போனை எடுக்கப்போன கோமதிநாயகம் விரல் இருந்த இடம் வழவழவென்று இருப்பதைப் பார்த்து, திருடன் வந்து கொண்டுபோய்விட்டான் என்று கூப்பாடு போட்டான். “ஏல, சும்மா கெட. அது காலேஜுக்குப் போயிருக்கு” என்றாள் சண்முகத்தாய். “நீயும் ஒருநாள் போய் அந்த எடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாயேன்.” சாயங்கால பஸ்ஸில் விரல் வந்தது. நகமெல்லாம் சாக்பீஸ் தூளாக இருந்தது. அவன் கையில் போய் ஒட்டிக்கொண்டு, அசதியில் அப்படியே படுத்துவிட்டது.

ஒன்றுமே செய்யாமல் வருகை ஏறுகிறது என்கிற சேதி டீக்கடையில் கசிந்ததும், சுவரேறிக் குதிக்கிற கூட்டம் முழுக்க மறுநாள் வேண்டுமென்றே தூங்கியது. ஒவ்வொருத்தன் விரலாகக் கழன்று கிளம்பியது. கொஞ்ச நாளில் உப்போடை பஸ்ஸில் காலை நேரம் கம்பி நெடுக, மின்கம்பியில் தைலான் குருவிகள் உட்கார்ந்த மாதிரி, குட்டையும் நெட்டையும் கறுப்பும் சிவப்புமாகக் கட்டைவிரல்கள் வரிசையாக நின்று போயின; “விரலுங்கல்லாம் முன்னால தள்ளி நில்லுங்க, ஏறுறவங்க கை வைக்க எடமில்ல” என்று மரியசூசை கத்த, அவை நெருங்கி நின்று வழிவிட்டன. இடதுகைக் கட்டைவிரல்கள் இரண்டு நாள் வீட்டில் தனியாகக் கிடந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் துணைக்குப் புறப்பட்டன. பெட்டியில் அவற்றின் ரேகை பதியாததால் வகுப்புக்குள் போகாமல், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கிற தாய்மார் மாதிரி வராந்தாவில் சாயங்காலம்வரை காத்திருந்தன.

ஊர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டுகிற பெண்கள் பூனைகளை விரட்டிவிட்டார்கள். வெயில் காலத்தில் தாய்மார்கள் விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவி அனுப்பினார்கள், மழைக்காலத்தில் பேனா மூடியைக் கவிழ்த்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை நகத்தில் திருநீறு வைப்பதா பொட்டு வைப்பதா என்று ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டையே நடந்தது. பெற்றோர் கூட்டத்தில் மட்டும் ஒரு அப்பா எழுந்து, “நான் பீஸ் கட்டுனது முழுப் பையனுக்கு, நீங்க விரலுக்குத்தான் பாடம் நடத்துதீங்க” என்று சத்தம் போட்டார். பிரின்சிபால் வேதமாணிக்கம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெட்டியில் கட்டைவிரல் வைக்கப்பட வேண்டும் என்றிருந்ததே தவிர, விரலோடு மற்றதும் வர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. “மற்றது மாணவரின் விருப்பம்” என்று அவர் தீர்ப்புச் சொன்னார், எல்லாரும் போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

இசக்கியம்மாள் மேடத்துக்குத்தான் வாழ்க்கை மாறிப்போனது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்ததெல்லாம், மடியில் போனை வைத்துக் குனிந்திருக்கிற உச்சந்தலைகளைத்தான்; எந்தப் பையனுக்கு எங்கே சுழி என்று கேட்டால் சொல்வார், முகம் கேட்டால் தெரியாது. இப்போது அவருக்கு முன்னால் அறுபது நகங்கள் பளபளவென்று அவரையே பார்த்து நின்றன. தூங்கவில்லை, பேசவில்லை, புரிந்தால் முட்டியை மடக்கித் தலையாட்டின, புரியாவிட்டால் விறைத்து நின்றன. மேடம் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்ட ஆரம்பித்தார். ஒருநாள் வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும், திரும்பத் தானாக வராது என்பதை நடத்தும்போது குரல் தழுதழுத்து, பாதியில் தண்ணீர் குடித்தார். அறுபது விரல்களோடு முழு உடம்பாக உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருத்தியான முப்பிடாதி மட்டும், “என்னைய யாருமே பாக்க மாட்டேங்காங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே குறிப்பெடுத்தாள்.

வீட்டிலிருந்தவர்கள் பாடு அவ்வளவு நன்றாக இல்லை. முதல் வாரம் தூக்கம் இனித்தது. அப்புறம் போனை எடுத்தால், அது கட்டைவிரலைக் கேட்டது. கால் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்கள், மூக்கை வைத்துப் பார்த்தார்கள், அது திறக்கவில்லை. தோசையைப் பிய்க்க முடியவில்லை, கைலி அவிழ்ந்தால் கட்ட முடியவில்லை, டீக்கடையில் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, அபிஷேகத் தீர்த்தம் வாங்குகிற பக்தர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள். சாயங்காலம் விரல் வந்ததும் ஆசையாகப் போனைத் தொட்டால், அது நாளெல்லாம் படித்த களைப்பில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு படுத்துவிடும். ஊரில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவர் பக்கத்திலேயே பஞ்சுமிட்டாய் விற்க ஆரம்பித்தார்.

பருவத்தேர்வு வந்தது. அதற்கு மட்டும் முழு உடம்பும் போக வேண்டும் என்பதால் எல்லாரும் விரலை ஒட்டிக்கொண்டு போனார்கள். கோமதிநாயகம் கேள்வித்தாளைப் பார்த்தான்; சீன மொழி மாதிரி இருந்தது. ஆனால் விரல் பேனாவின் கழுத்தைப் பிடித்த பிடியில் மற்ற நாலு விரல்களும் இழுபட்டுப் போக, மூன்று மணி நேரம் அது எழுதியது. அவன் ஜன்னல் வழியே காக்கா பார்த்தான். முடிவு வந்தபோது அவனுக்கு எண்பத்தொன்பது மார்க். டீக்கடைக் கூட்டத்தில் ஒருத்தன்கூட எண்பதுக்குக் கீழே இல்லை. ஒழுங்காக வந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதிய முப்பிடாதிக்கு எழுபத்தொன்று.

பிரின்சிபால் பஸ் நிலையத்தில் பிளக்ஸ் வைத்தார். படத்தில் பையன்கள் முகத்தைப் போடுவதா விரலைப் போடுவதா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி, நியாயம் பார்த்து விரலையே போட்டார்கள். ‘சாதனை விரல்கள்’ என்று எழுதி, ஒவ்வொரு விரலுக்கும் கீழே பெயரும் இனிஷியலும் போட்டிருந்தது. சண்முகத்தாய் மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம், “மூணாவது வரிசையில லேசா வளைஞ்சு நிக்குல்லா, அதான் எம் புள்ள” என்று சொன்னாள்.

அந்தப் பிளக்ஸைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் கோமதிநாயகத்தை உட்காரவைத்து, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்ன என்று கேட்டார். கோமதிநாயகம் வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. விரல்தான் பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டித் தட்டி, கடைசியில் கையை இழுத்துக்கொண்டு போய் அவருடைய பேனாவை எடுத்து, விதியை எழுதி, படம் போட்டு, ஒரு உதாரணமும் கொடுத்து, அடியில் கோடிழுத்தது.

கம்பெனிக்காரர் படித்துப் பார்த்து அசந்துபோனார். “பிரமாதங்க தம்பி. அடுத்த வருஷம் படிப்பு முடிஞ்சதும் எங்க டிராயிங் செக்‌ஷனுக்கு வந்துரச் சொல்லுங்க.”

“வந்துருதேன் சார்.”

“நீங்க இல்லீங்க தம்பி, விரல மட்டும் அனுப்புங்க. ஒரு விரலுக்குத்தான் எடம் இருக்குது. தங்கறதுக்கு, சாப்பாட்டுக்கெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க.”

கோமதிநாயகம் வீட்டுக்கு எப்படி வந்தானென்று அவனுக்கே தெரியாது. தெருவில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அவன் முகத்தை அவர்கள் பார்க்கவேயில்லை, குனிந்து விரலைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் வந்ததும் அவன் விரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “எங்கூடப் பொறந்துட்டு என்னையே வெளிய தள்ளிட்டல்லா நீ?” என்று கத்தினான். “நாளைலேருந்து ஒரு எடத்துக்கும் போகக் கூடாது. இங்கனயே கெட.” மாவுப் பொட்டலம் கட்டுகிற நூலை எடுத்து விரலை மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். விரல் எதிர்க்கவில்லை. நகம் மட்டும் வெளுத்துப்போனது. “பாவம்ல அது, விடுல” என்று சண்முகத்தாய் சொன்னதை அவன் கேட்கவில்லை.

விடிந்து பார்த்தபோது நூல் முடிச்சு அவிழாமல் வெறும் வளையமாகக் கிடந்தது. சாயங்கால பஸ்ஸில் எல்லா விரல்களும் இறங்கின, கோமதிநாயகத்தின் விரல் இறங்கவில்லை. இடதுகை விரல் தனியாக வந்து, அவன் கையில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்தது. மறுநாளும் அப்படியே. “உங்க பெரியவன் வண்டில ஏறலக்கா” என்று மரியசூசை பஸ்ஸிலிருந்தே சண்முகத்தாய்க்குக் குரல் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் கோமதிநாயகம் படிப்புக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷத்தில் முதன்முறையாகக் காலேஜில் வகுப்பைத் தேடி நடந்து போனான். வகுப்பு எந்த மாடியில் என்று வாட்ச்மேனிடம் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது பெஞ்சில் அவன் விரல் நிமிர்ந்து நின்றது. அவனைப் பார்த்ததும் முகத்தை, அதாவது நகத்தை, ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது.

“தள்ளி உக்காரு” என்றாள் முப்பிடாதி. “அது அதோட எடம்.”

“அது என் விரலு.”

“இருக்கட்டும். நீ புதுசு, அது பழைய ஸ்டூடண்ட்டு.”

அவன் தள்ளி உட்கார்ந்தான். முதல் நாள் கெஞ்சினான், இரண்டாம் நாள் மிரட்டினான், மூன்றாம் நாள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். விரல் ஒன்றுக்கும் அசையவில்லை. சாயங்காலமானால் நூலகத்துக்குப் போய், நீராவி அட்டவணைப் புத்தகத்துக்குள் அடையாளக் குச்சி மாதிரி படுத்துக்கொண்டது. வீட்டில் விரல் இல்லாமல் இருப்பதற்கு, இங்கே விரலுக்குப் பக்கத்தில் இருப்பது தேவலை என்று கோமதிநாயகம் தினமும் வர ஆரம்பித்தான். வந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. போன் திறக்காது, சுவரேறப் பிடி கிடைக்காது, தூங்கினால் முப்பிடாதி பேனாவால் குத்துவாள். வேறு வழியில்லாமல் அவன் பலகையைப் பார்த்தான்.

பார்க்கப் பார்க்க இசக்கியம்மாள் மேடம் என்ன சொல்கிறார் என்பதில் ஒரு இடம், எங்கோ ஒரு மூலையில், அவனுக்குத் தட்டுப்பட்டது. ஒருநாள் அவர் கொதிகலன் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வரியில் அவனுக்கு ஏதோ இடித்தது. “மேடம்” என்றான், தன் குரல் அந்த அறையில் ஒலிப்பதைக் கேட்டு அவனே பயந்தான். “அம்மா மாவு புளிக்க வைக்கும்போது மூடி போட்டா உள்ள ஒரு சூடு, தொறந்தா ஒரு சூடுன்னு சொல்லும். இதுல மூடி தொறந்து இருக்கா, மூடி இருக்கா? நீங்க சொல்லவே இல்லையே?”

மேடம் பலகையைப் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார். “சொல்லல” என்றார். “அறுபது பேரு தலைய ஆட்டுனாங்க, ஒருத்தரும் கேக்கல.” பிறகு முழுவதையும் அழித்துவிட்டு, மூடி திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று முதலிலிருந்து இரண்டு தரம் போட்டார், கோமதிநாயகம் நாலு விரல்களுக்கு நடுவில் பேனாவைச் சொருகிக்கொண்டு, வியர்க்க வியர்க்க, கோணலும் மாணலுமாக அதை எழுதிக்கொண்டு போனான், இரண்டாம் பக்கத்தில் எழுத்து நேராகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை, மணி அடித்துப் பேனாவை மூடும்போதுதான் முப்பிடாதி, “உன் கையப் பாரு” என்றாள். விரல் அதன் இடத்தில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் முழு ஆளாக நின்று பெட்டியில் விரலை வைத்தான். பெட்டி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அதே பெண்குரலில், தெரியவில்லை என்றது. சாக்பீஸும் பேனாவும் தேய்த்துத் தேய்த்து விரலின் ரேகை மாறிப்போயிருந்தது. துடைத்து வைத்தான், ஊதி வைத்தான், தெரியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் டீக்கடைக் கூட்டம் ஒவ்வொருத்தனாகத் தன் விரலைத் தேடி வகுப்புக்கு வந்து, சிலர் ஒரே வாரத்தில் விரல் வாங்கி, சிலர் மாதக்கணக்கில் கெஞ்சி, எல்லாரும் பெட்டி முன்னால் வரிசையில் நின்றபோது அது எவனையுமே தெரியவில்லை என்றது. விரல் மட்டும் வந்தபோது நூறு சதவீதம் இருந்த காலேஜ் வருகை, ஆட்கள் வர ஆரம்பித்ததும் மூன்றுக்கு இறங்கியது. பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்கள். வேதமாணிக்கம் மறுபடி சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒன்றும் கிடைக்காமல், ஒரு முடிவுக்கு வந்தவராக, பெட்டி பழுது என்று எழுதி அனுப்பிவிட்டார். கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் விரல் எப்போது வரும் என்று போனில் கேட்டதற்கு, “அதுக்கு ஏற்கெனவே வேற எடத்துல சேர்க்கை ஆயிருச்சு” என்று இசக்கியம்மாள் மேடம் பதில் சொன்னார்.

அடுத்த பருவத்தேர்வில் கோமதிநாயகம் காக்கா பார்க்கவில்லை. கொதிகலன் கணக்கு வந்திருந்தது. விரல் ஒரு விடையை எழுதப் போனது, அவன் இல்லை என்று இழுத்தான், அது அவனை இழுத்தது, பேனா பேப்பரில் ஒரு இடத்தில் ஓட்டையே போட்டது. கடைசியில் சில இடத்தில் அவன் சொன்னபடியும் சில இடத்தில் அது சொன்னபடியும் எழுதி, கடைசிக் கேள்வியைத் தொடுவதற்குள் நேரம் முடிந்தது.

முடிவு வந்த அன்று சண்முகத்தாய் மாவுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள். “என்னல இது, போன தடவ எண்பத்தொம்போது, இப்ப அம்பத்திமூணா?”

“போன தடவ அது தனியா வாங்குனதும்மா” என்றான் கோமதிநாயகம். “இது நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்குனது.”

சண்முகத்தாய் மாவுக் கரண்டியை நிறுத்தி, மனசுக்குள் வகுத்துப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அப்ப ஆளுக்கு இருபத்தாறரை. ரெண்டு பேரும் பெயிலால?”